சாளரத்தில் ஐந்திணை

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

கோடை விடுமுறையில் வடமாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டிற்கு வரும் மாணவர் பலர், வழியில் காணும் காட்சிகளைக் கைப்பேசியில் படம்பிடிக்கின்றனர். ஊர் சேர்ந்த பின்னர் அப்படங்களைப் பார்த்தால், எந்த ஆறு, எந்த மலை, எந்தப் பொழுது என்று கூற இயலுவதில்லை. நிலக்காட்சியைப் பார்ப்பதற்குத் தமிழ் இலக்கணம் ஒரு முறையை வகுத்துத் தந்துள்ளது. அம்முறை ஒளிப்படத்திற்கும் எவ்வாறு துணைநிற்கும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கற்றல் நோக்கங்கள்

• முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றை நேரில் காணும் நிலக்காட்சிகளோடு பொருத்திப் பார்த்தல்.
• ஒளி, திசை, பொழுது ஆகியன படத்தின் தன்மையை மாற்றும் முறையை அறிதல்.
• ஒளிப்படத்திற்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதும் திறன் பெறுதல்.

பழகிய வழி

புதுதில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. மதுரா, ஆக்ரா, குவாலியர், போபால், நாக்பூர், விஜயவாடா ஆகிய ஊர்களைக் கடந்து வண்டி தெற்கு நோக்கி வருகிறது. யமுனைச் சமவெளியில் தொடங்கும் இந்நெடும்பயணம் வங்கக் கடற்கரையில் நிறைவுறுகிறது. இடையில் வறண்ட மண்பள்ளங்கள், காடு போர்த்த மலைகள், அகன்ற ஆறுகள், நெல்வயல்கள், உப்பங்கழிகள் எனக் காட்சிகள் மாறிக்கொண்டே வருகின்றன.

வேலையின் பொருட்டு வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது ஆண்டுதோறும் பழகிய வழி. பழகிய வழி என்பதாலேயே அது பார்க்கப்படாமல் போவதும் உண்டு. ஒரு காட்சியைப் படமாக்க ஒரு நொடி போதும். அதனைப் பார்ப்பதற்கோ ஒரு நொடி போதாது.

ஒரு படத்திற்கு ஒரு நாள்

கருவி கொண்டு எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழமையானது ஒரு சாளரக் காட்சியே ஆகும். பிரான்சு நாட்டின் நியெப்சு என்பவர் 1827ஆம் ஆண்டளவில் தம் வீட்டின் மேல்மாடிச் சாளரத்திலிருந்து அதனை எடுத்தார். அந்த ஒரு படம் பதிவதற்குப் பல மணி நேரம் தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் வங்கிப் பணியை விட்டுவிட்டு 1863ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தவர் சாமுவேல் போர்ன். இவர் இமயமலையில் நீண்ட பயணங்களை மேற்கொண்டு மலைக்காட்சிகளைப் படமெடுத்தார். 1866ஆம் ஆண்டுப் பயணத்தில் 18,000 அடிக்கும் மேற்பட்ட உயரமுடைய மனிருங் கணவாயிலும் படம் எடுத்தார். கங்கோத்ரிப் பனியாறு வரையிலும் சென்றார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டின் மீது வேதிக் கலவையைப் பூசி, பூச்சின் ஈரம் உலர்வதற்குள் படத்தை எடுத்தாக வேண்டும். உடனே இருட்டுக் கூடாரத்திற்குள் அதனைக் கழுவவும் வேண்டும். கண்ணாடித் தகடுகள், வேதிப்பொருள்கள், கூடாரம், கருவிப்பெட்டி ஆகியவற்றை மலையேறும் கூலியாட்கள் பலர் தோளில் சுமந்தனர். படங்களின்கீழ்ப் போர்னின் பெயர் உள்ளது. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

ஒரு படத்திற்கு அத்தனை உழைப்புத் தேவைப்பட்டதால், எங்கு நிற்பது, எப்பொழுது எடுப்பது, எதனைச் சட்டகத்திற்குள் கொள்வது, எதனை விடுவது என்று முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று உழைப்புக் குறைந்துவிட்டது. எண்ணிப் பார்க்கும் தேவை குறைந்துவிடவில்லை.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. ஒரு நிகழ்ச்சியைப் பாட வந்த புலவர், அது எங்கு நிகழ்கிறது, எப்பொழுது நிகழ்கிறது என்பதற்கு முதலிடம் அளித்தனர். ஒளிப்படத்திற்கும் இவ்விரண்டே அடிப்படை. இடம் மாறாவிடினும் பொழுது மாறினால் படம் மாறிவிடும்.

நண்பகலில் ஞாயிறு தலைக்கு மேல் நிற்கிறது. நிழல் காலடியில் சுருங்குகிறது. மேடும் பள்ளமும் வேறுபாடின்றித் தட்டையாகத் தோன்றுகின்றன. காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் ஒளி சாய்வாக விழுகிறது. அப்போது சிறு மேடும் தன் நிழலை நீட்டித் தன் வடிவத்தைக் காட்டுகிறது. ஞாயிறு அடிவானத்தை நெருங்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தொலைவைக் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி பெரிதும் சிதறிவிட, எஞ்சிய செம்மஞ்சள் ஒளி நிலத்தின்மீது படிகிறது.

பொழுதுடன் திசையையும் சேர்த்து நோக்க வேண்டும். தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. காலையில் வலப்பக்கச் சாளரம் வழியே பார்த்தால், ஞாயிறு பார்ப்பவருக்குப் பின்னால் இருக்கும். நிலம் முழுவதும் ஒளிபெற்றுத் தெளிவாகத் தெரியும். அதே வேளையில் இடப்பக்கம் பார்த்தால், மரங்களும் மனிதர்களும் ஒளியின் முன் கருநிழல் உருவங்களாக நிற்பர். மாலையில் இவ்விரண்டும் இடம் மாறும். எது சிறந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. எதனைக் காட்ட விரும்புகிறோம் என்பதே அதனை முடிவு செய்யும்.

கருப்பொருள்: நிலத்தில் வாழ்வன

வெறும் மலையை மட்டும் படமெடுத்தால், அது நேரில் தோன்றிய பேருருவை இழந்து சிறு மேடாகத் தோன்றும். கைப்பேசியின் அகன்ற வில்லை தொலைவிலுள்ளவற்றைச் சிறிதாக்குவதே இதற்குக் காரணம். அம்மலையின் அடிவாரத்தில் ஓர் ஆட்டுமந்தையோ ஒரு குடிசையோ ஒற்றை மரமோ உடன் இருந்தால், அதனை அளவுகோலாகக் கொண்டு கண் மலையை அளக்கும். மரம், பறவை, விலங்கு, தொழில், மக்கள் ஆகிய கருப்பொருள்கள் நிலத்திற்கு உயிரளிப்பது போலவே படத்திற்கு அளவையும் அளிக்கின்றன.

ஓடும் வண்டியில் அருகிலுள்ள மின்கம்பங்கள் கணப்பொழுதில் மறைகின்றன. தொலைவிலுள்ள குன்று உடன் வருவது போலத் தோன்றுகிறது. ஆகவே அருகிலுள்ளவை படத்தில் கலங்கியும் தொலைவிலுள்ளவை தெளிந்தும் பதிகின்றன. சாளரக் கண்ணாடியில் பெட்டியின் உள்விளக்கு எதிரொளித்தால், கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தல் வேண்டும்.

உரிப்பொருள்: படம் யாருடையது?

நிலமும் பொழுதும் உயிர்களும் அமைந்த பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. அக்காட்சி பார்ப்பவரின் உள்ளத்தில் எழுப்பிய உணர்வே அது. இலக்கணம் இதனை உரிப்பொருள் என்கிறது. பாலைக்குப் பிரிதலும் முல்லைக்குக் காத்திருத்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரியன.

பாலைத்திணைப் பாடல்களில் பொருள் தேடும்பொருட்டு வீட்டை விட்டுப் பிரிந்து செல்வோர் வருகின்றனர். வெயில் காயும் சுரத்தின் வழியே அவர்கள் நடக்கின்றனர். வீட்டில் இருப்போர் அவர்கள் வரும் நாளை எண்ணுகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாடப்பட்ட இப்பிரிவு இன்றைய தமிழ்க் குடும்பங்களுக்கும் புதிதன்று. வடக்கே பணிக்கு வந்த தந்தையோ தாயோ, முதன்முதலில் இதே இருப்புப்பாதையில்தான் வந்திருப்பர். ஊரில் தாத்தாவும் பாட்டியும் இன்றும் வண்டி வரும் நாளை எண்ணிக் காத்திருக்கின்றனர். அக்குடும்பத்துப் பிள்ளை எடுக்கும் படம், அழகிய படம் என்பதோடு நின்றுவிடுவதில்லை. பிரிந்தோருக்கும் காத்திருப்போருக்கும் இடையே உள்ள நிலம் எது என்பதை அது காட்டுகிறது.

ஒரே பாதையில் ஐந்து நிலம்

ஐந்திணைப் பகுப்பு தமிழ் நிலத்தை நோக்கி எழுந்தது. எனினும் அதனைப் பார்வை முறையாகக் கொண்டால், பிற நிலங்களையும் தமிழால் அறியலாம்.

இராசத்தானின் தோல்பூருக்கும் மத்தியப் பிரதேசத்தின் மொரேனாவுக்கும் இடையே வண்டி சம்பல் ஆற்றைக் கடக்கிறது. ஆற்றின் இருமருங்கும் மழைநீர் அரித்த ஆழ்ந்த மண்பள்ளங்கள் உள்ளன. குறிஞ்சியும் முல்லையும் வளம் திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் கூறும் கருத்தை இங்கு நினைவுகூரலாம். பள்ளங்களின் ஆழத்தைக் காட்ட விரும்பினால் எற்பாட்டின் சாய்ந்த ஒளியில் எடுக்க வேண்டும். நிழலே இல்லாத கடுமையைக் காட்ட விரும்பினால் நண்பகலே ஏற்றது. பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்ததன் பொருத்தம் அப்படத்தில் விளங்கும்.

போபாலைக் கடந்தபின் வண்டி விந்திய மலைக்காட்டின் வழியே இறங்குகிறது. கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் காடு, மழைக்குப்பின் முல்லை நிலம் போலப் பசுமை கொள்கிறது. அதனை அடுத்து நருமதை ஆறு. ஆற்றங்கரை ஊரான ஹோஷங்காபாத், 2022ஆம் ஆண்டு நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய பெயர்ப்பலகையுடன் எடுக்கப்பட்ட ஒரு படம் யாரிடமேனும் இருந்தால், அது இன்று அழியாச் சான்றாக விளங்கும். இட்டார்சியைக் கடந்ததும் சாத்பூரா மலைத்தொடர் தொடங்குகிறது. குகைவழிகளும் வளைவுகளும் நிறைந்த இப்பகுதி குறிஞ்சியை நினைவூட்டுவது.

விஜயவாடாவில் வண்டி கிருஷ்ணை ஆற்றைக் கடந்து அதன் கழிமுகச் சமவெளிக்குள் நுழைகிறது. வாய்க்கால்களும் நெல்வயல்களும் சூழ்ந்த தெனாலிப் பகுதி மருத நிலத்திற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. நெல்லூரைக் கடந்தபின் பாதை கடலை நெருங்குகிறது. பழவேற்காடு ஏரிக்கு மேற்கே வந்து, எண்ணூருக்கு அருகில் கொசத்தலை ஆற்றின் கழியைக் கடக்கிறது. அது நெய்தல் நிலம்.

மறைக்காத படம்

எண்ணூர்க் கழியில் மீன்பிடி படகுகள் உள்ளன. அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளும் உள்ளன. படகுகளை மட்டும் வைத்துப் புகைபோக்கிகளை வெட்டிவிட்டால் படம் அழகாக இருக்கும். ஆனால் அக்கழியை நம்பி வாழ்வோரின் கவலையை அப்படம் அறியாது. இரண்டையும் ஒரே சட்டகத்திற்குள் கொண்டுவரும் படம் அழகில் சற்றுக் குறையலாம், உண்மையில் குறையாது. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மரபு, இத்தகைய படத்தையே தன் படமாக ஏற்கும்.

படத்தைத் திருத்துவது இன்று தோன்றிய வழக்கமன்று. 1858ஆம் ஆண்டு தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைப் படமெடுத்த லின்னேயசு டிரைப், அக்காலக் கருவியில் முகில்கள் பதியாததால் சில படங்களில் அவற்றைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அவரே தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இணைத்தார். கல்வெட்டை உள்ளவாறு பதிந்த இப்படத்தில் எழுத்தே பொருள். முகில் அங்கு அணி மட்டுமே. வண்ணத்தைச் சற்றுக் கூட்டலாம். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் படத்தின் சான்றுத்தன்மையைக் குறைத்துவிடும்.

பாதுகாப்பும் பண்பும்

எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. ஓடும் வண்டியின் படிக்கட்டில் நிற்பதும் தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவதும் 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி குற்றங்களாகும். கையையும் கைப்பேசியையும் சாளரத்திற்கு வெளியே நீட்டுதல் கூடாது. அருவி, ஆற்றங்கரை, மலைவிளிம்பு ஆகிய இடங்களில் திரையைப் பார்த்தவாறே பின்னோக்கி நடத்தல் கூடாது. முதலில் நின்று, பிறகு எடுத்தல் வேண்டும். படம் எடுக்கத் தடை என்று அறிவித்துள்ள இடங்களில் அத்தடையை மதித்தல் வேண்டும்.

இலக்கணம் மக்களையும் கருப்பொருளுள் வைத்தது. எனினும் மரம் விடை கூறாது, மனிதர் கூறுவர். நடைமேடையில் தேநீர் விற்பவரையும் வயலில் நாற்று நடுபவரையும் அருகிலிருந்து படமெடுக்க விரும்புவோர் அவர்களிடம் இசைவு கேட்டல் வேண்டும். அவர்கள் மறுத்தால் கைப்பேசியைத் தாழ்த்துவதே பண்பு.

படத்தின் கீழ் நான்கு வரி

பத்து ஆண்டுகள் கழிந்தபின், பெயரில்லாத படத்தைப் பார்ப்பவர்க்கு ஆறு வெறும் ஆறாகவும் மலை வெறும் மலையாகவும் தோன்றும். எடுத்தவரே மறந்திருப்பார். ஆகவே ஒவ்வொரு நல்ல படத்தின் கீழும் நான்கு வரிகள் எழுதுதல் வேண்டும். முதல் வரி நிலம். இரண்டாம் வரி பொழுது. மூன்றாம் வரி கருப்பொருள். நான்காம் வரி உரிப்பொருள். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

சம்பல் ஆற்றுப் பள்ளங்கள். தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் இடையே.
இளவேனில், எற்பாடு.
ஓர் ஆட்டுமந்தை, அதன்பின் கோலூன்றி நடக்கும் முதியவர்.
அப்பா முதன்முதலில் வேலைக்கு வந்தபோது பார்த்த மண் இது.

இந்நான்கு வரிகளுடன் அப்படம் ஊரிலுள்ள பாட்டியிடம் சென்று சேர்ந்தால், தம் மகன் எந்த நிலத்தைக் கடந்து சென்றான் என்பதை அவர் முதன்முறையாகக் காண்பார்.

தெரிந்து தெளிவோம்

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பு மட்டும்தானா என்னும் வினா அவருள் எழுந்தது. ஒளிச்சிதறல் பற்றி அவர் தொடர்ந்து செய்த ஆராய்ச்சி, 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவைக் கண்டறிவதில் முடிந்தது. அதற்காக 1930ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நாள் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சொற்பொருள்

சாளரம் – சன்னல்
சட்டகம் – படத்தின் நான்கு எல்லைக்கு உட்பட்ட பகுதி
எற்பாடு – ஞாயிறு சாயும் பிற்பகல் பொழுது
சுரம் – வறண்ட வழி
கழி – கடல்நீர் உட்புகும் நீர்நிலை
இரங்கல் – வருந்துதல்
இசைவு – ஒப்புதல்

இலக்கணக் குறிப்பு

நிலமும் பொழுதும் – எண்ணும்மை
நெடும்பயணம் – பண்புத்தொகை
ஓடும் வண்டி – பெயரெச்சத் தொடர்
அழியாச் சான்று – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

சுமந்தனர் = சும + த்(ந்) + த் + அன் + அர்
சும – பகுதி
த் – சந்தி. ந் ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. முதற்பொருள் எனப்படுவன
அ) மரமும் பறவையும் ஆ) நிலமும் பொழுதும் இ) தொழிலும் மக்களும் ஈ) பிரிதலும் இரங்கலும்

2. பாலைக்கு உரிய சிறுபொழுது
அ) வைகறை ஆ) மாலை இ) யாமம் ஈ) நண்பகல்

3. 'எற்பாடு' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) எற் + பாடு ஆ) எல் + பாடு இ) என் + பாடு ஈ) எள் + பாடு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் காலையில் எப்பக்கக் காட்சி தெளிவாகப் பதியும்? ஏன்?
2. மலையின் பேருருவைப் படத்தில் காட்டுவதற்குக் கருப்பொருள் எவ்வாறு உதவுகிறது?
3. பழைய பெயர்ப்பலகையுடன் உள்ள படம் சான்றாவது எவ்வாறு?

இ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. சாமுவேல் போர்ன் காலத்துப் படமெடுக்கும் முறையை இன்றைய முறையோடு ஒப்பிடுக.
2. "அழகில் சற்றுக் குறையலாம், உண்மையில் குறையாது" – இடஞ்சுட்டி விளக்குக.

ஈ. சிந்தனை வினா

கூலியாட்களின் பெயர்கள் படங்களின்கீழ் இடம்பெறாதது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. செயல்திட்டம்

நீவிர் வாழும் ஊரிலோ பயணத்திலோ ஒரே இடத்தைக் காலை, நண்பகல், எற்பாடு ஆகிய மூன்று பொழுதுகளில் படம் எடுக்க. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன்கீழ் நான்கு வரிக் குறிப்பைத் தமிழில் எழுதுக. தமிழ்நாட்டிலுள்ள உறவினர் ஒருவருக்கு அதனை அனுப்பி, அவர் கூறிய மறுமொழியை ஏட்டில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.